வாசலில் நின்ற சீனத் தளபதிகள்

கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறுதீயில் கிளறும்போது முதலில் பால் காய்வதுபோல ஒரு வாசம் வரும், கொஞ்சம் பொறுத்தால் ஈரச்சுவரின் வாசம் வரும், கை ஓய்ந்து அடிப்பிடித்துவிட்டால் இரண்டும் போய்க் கருகல் மட்டும் மிஞ்சும். இந்த மூன்றும் வரிசையாக எங்கள் மாடிப்படியில் இறங்கி வந்தால் சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பெல் பகுதியில், ரயில் தண்டவாளங்களைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு நேர் மேலே, ஐந்தாம் மாடியில், லின் என்ற சிறுமியும் அவளுடைய தாய் தகப்பனும் இருந்தார்கள். வென்சோப் பக்கத்துச் சீனர்கள். வீட்டிலேயே துணி தைப்பவர்கள். விடிந்ததிலிருந்து அவர்களுடைய தையல் மெஷின் எங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கும் லின்னுக்கும் அப்போது ஒன்பது வயது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவின் அகதி வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி, மேன்முறையீட்டு விசாரணையும் முடிந்து, பதில் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். "கார்ட்", அதாவது வதிவிட அட்டை, கிடைத்தால் இருக்கலாம், கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுப் போகச் சொல்லி அடுத்த கடிதம் வரும் என்பது எனக்கே தெரிந்திருந்தது. படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் அம்மா அகப்பையோடு எழுந்துவிடுவார், அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார், நான் மூச்சை அடக்கிக்கொண்டு காலடிகளை எண்ணுவேன். வந்தவர் மூன்றாம் மாடியோடு நின்றுவிட்டால் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் விட்ட வேலையைத் தொடர்வோம். "ஏன் பிள்ளை துடிச்சுக்கொண்டு திரியிறாய், ஒரு இடத்திலை இரன்" என்று ஏச்சு விழுவது எனக்குத்தான். தான் ஒரு மாதமாக நின்றுகொண்டே சாப்பிடுவது அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தத் துடிப்பு எனக்கு இன்னும் போகவில்லை; இதை எழுதத் தொடங்கியதிலிருந்து மூன்று தரம் எழுந்து ஜன்னல்வரை போய் வந்துவிட்டேன்.

லின்னின் அம்மா மாவுப் பசை கிளறியது இரண்டு தாள்களை ஒட்டுவதற்காக. சிவப்புக் கரையிட்ட அந்தத் தாள்களில் கவசம் அணிந்த இரண்டு தளபதிகள் நின்றார்கள். ஒருவருக்கு வெள்ளை முகம், கையில் வாள். மற்றவருக்குக் கறுத்த முகம், முறுக்கிய தாடி, கையில் இரும்புத் தடி. கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். முன்னொரு காலத்தில் பேய்களின் தொல்லையால் தூங்க முடியாமல் கிடந்த ஓர் அரசனின் வாசலில் இவர்கள் விடிய விடியக் காவல் நின்றார்களாம். அவர்கள் கண்விழிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அரசன் அவர்களை வரைந்து ஒட்டச் சொன்னானாம். படத்துக்கும் பேய்கள் பயந்தனவாம். இதை லின் எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த பாஷை அது ஒன்றுதான்.

அந்தக் கதைக்குள் நாங்கள் குடிபுகுந்துவிட்டோம். பேய்க்கு "மிஸ்யூ நோன்" என்று பெயர் வைத்தோம், அதாவது "இல்லை ஐயா". எல்லோருடைய வாழ்க்கைக்கும் இல்லை என்று சொல்வது அவனுடைய வேலை. வசிப்பது கீழே, தபால் பெட்டிகளுக்குப் பின்னால். பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைகளில் தளபதிகள் தாளை விட்டு இறங்கி எங்கள் பின்னால் வருவார்கள், நாங்கள் முன்னால் போகும் ஒற்றர்கள். திரும்பிப் பார்த்தால் அவர்கள் மறுபடியும் தாளாகிவிடுவார்கள். படிக்கட்டு விளக்கு பொத்தானை அழுத்தினால் எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும்; அதற்குள் ஐந்து மாடியும் இறங்கி எங்கள் பெட்டியைக் கையால் தட்டிவிட வேண்டும். ஒரு புதன் பிற்பகல் இரண்டாம் மாடியிலேயே விளக்கு அணைந்துவிட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றபோது, எங்களுக்கு மேலே, நாலைந்து படி தள்ளி, இரும்பு கல்லில் உரசும் சத்தம் கேட்டது. லின் என் சட்டையைப் பிடித்தாள். நாங்கள் திரும்பவில்லை. யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும், அந்தச் சத்தத்தை நான் கேட்டேன்.

அந்த வாரம் "அவுக்கா", அதாவது எங்கள் வழக்கறிஞர், வருகிற வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வந்துவிடும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். நான் லின்னிடம் ஓடினேன். அவள் அதிகம் யோசிக்கவில்லை. தன் வீட்டு வாசலிலிருந்து கறுத்த முகத்தாரை நகத்தால் மெதுவாக உரித்து எடுத்து, "எங்களுக்குக் கடிதமே வராது. நாங்கள் ஒன்றும் எழுதிக் கேட்கவில்லை. உங்களுக்குத்தான் ஆபத்து" என்று என் கையில் தந்தாள். கடிதம் எதிர்பார்க்கும் உரிமைகூட இல்லாதவர்கள் எங்களைவிடப் பயப்பட வேண்டியவர்கள் என்பது இரண்டு பேருக்கும் புரியாத வயது.

வேலை முடிந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதார் பிள்ளை, எங்கடை வாசலிலை ஒரு சீனத்து முனி?"

"காவலுக்கு, அம்மா. மேல் வீட்டு லின் தந்தவள்."

வேறு நாளாக இருந்தால் கிழித்திருப்பார். அன்றைக்கு யாருடைய உதவியையும் தட்டிக்கழிக்கும் நிலையில் அவர் இல்லை. உள்ளே போய்த் திருநீற்றைக் கொண்டுவந்து தளபதியின் நெற்றியில் மூன்று குறி இழுத்தார். பிறகு ஓர் எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்து, "காவலெண்டால் சோடியாயெல்லோ நிக்கோணும்? கோயில் வாசலிலை துவாரபாலகரை ஒருத்தராய் ஆரும் வைப்பினமே? மற்றப் பக்கத்தாலை பூந்திடுவினம்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது சும்மா ஒரு பேச்சு. எனக்கோ அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. எங்கள் கதவின் வெறுமையான பக்கத்தை எத்தனை முறை போய்ப் பார்த்தேன் என்று தெரியாது. அடுத்த புதன்கிழமை லின்னும் தாயும் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த நேரம் ஈரத்துணியும் தேக்கரண்டியுமாக ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். வெள்ளை முகத்தார் லேசில் வரவில்லை. சிவப்புக் கரையில் பாதி அவர்கள் சுவரிலேயே தங்கிவிட்டது. சோற்றுப் பருக்கைகளை மசித்து எங்கள் வாசலின் மற்றப் பக்கத்தில் ஒட்டினேன். அம்மாவைப்போலவே திருநீறும் பூசினேன். திருடிய பொருளுக்குத் திருநீறு பூசிய பிள்ளை நான்.

மாலையில் படியேறி வந்த லின் எங்கள் கதவுக்கு முன் நின்றாள். தாய் துணிப்பையோடு முன்னே போய்விட்டாள். நான் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றேன். அழுவாள், தாயைக் கூப்பிடுவாள், என் தலைமயிரைப் பிடித்து இழுப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவள் இரண்டு தளபதிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடிதம் எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"அப்படியென்றால் வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்திரு. பிறகு இரண்டு பேரையும் கொண்டுவந்து தா."

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைக் கிழிக்க முடியாமல் அம்மாவிடம் கொடுக்க, அம்மா என்னிடம் தந்தார், ஏனென்றால் வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவள் நான். முதல் பக்கத்தை விட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போ என்று அவுக்கா சொல்லித் தந்திருந்தார். கார்ட் தரச் சொல்லி அங்கே எழுதியிருந்தது. "ஓமாம், அப்பா. ஓமாம்" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அம்மா அன்றைக்குத்தான் கதிரையில் இருந்து சாப்பிட்டார்.

தளபதிகளைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை செவ்ரானிலிருந்து மாமா குடும்பம் விருந்துக்கு வருகிறது, அவர்கள் பிள்ளைகள் என் தளபதிகளைப் பார்க்கட்டும், திங்கள் கொடுத்தால் போதாதா என்று நினைத்தேன். வாசலில் நின்று கதை சொல்லிப் பெருமையடித்தேன். மேலே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை மெத்ரோ ரயில் நிலைய வாசலில் நடந்த பொலிஸின் விசாச் சோதனையில் லின்னின் அப்பாவைப் பிடித்துவிட்டார்கள். அன்று லின் பள்ளிக்கு வரவில்லை. மாலையில் நான் இரண்டு தாள்களையும் உரித்துக்கொண்டு மேலே ஓடினேன். கதவைத் தட்டத் தட்ட யாரும் திறக்கவில்லை. பயந்துபோன தாய், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று மூன்றாம் மாடிக்காரி சொன்னாள். எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு நாளில் யாரோ வந்து மெஷினை இறக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது எனக்குச் சென் தெனியில் வேலை. லா ஷப்பெலுக்கு மரக்கறி வாங்க வரும்போதெல்லாம் கால்கள் என்னைக் கேளாமல் அந்தத் தெருவுக்குத் திரும்புகின்றன. கீழ்க்கதவுக்கு இரகசிய எண் வந்துவிட்டது. பழைய தபால் பெட்டிகளைக் கழற்றிப் புதியவை வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாடியில் யாரும் தைப்பதில்லை. அப்பா சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். லின்னைத் தேடிப் பார்க்கலாம் என்றால் அவளுடைய குடும்பப்பெயர்கூட எனக்குத் தெரியாது, அவர்களுடைய தபால் பெட்டியில் இருந்தது வேறு யாரோ ஒருவரின் பெயர். வாசலில் ஒட்டிய தாள் மெத்ரோவில் நடப்பதைத் தடுக்காது என்று எனக்குத் தெரியும். இதை எனக்கு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அது சரிதான். ஆனாலும் அவள் தந்தது வெள்ளிக்கிழமை வரைக்கும். அந்தச் சனியும் ஞாயிறும் அவளுடையவை.