மிச்சச் சுண்ணாம்பு

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவோடு போக எனக்குப் பொறுமை போதாது. திருப்பதியிலிருந்து சுண்ணாம்பு, பிரஷ், சாமந்திப் பூ, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சித்தூர் பஸ் ஏறுகிறவள் நான். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆர்டர் போடுகிறவள் அவள்.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா கொரோனாவில் போனார். எங்களைக் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். குழி வெட்டுகிறவர் தூரத்திலிருந்தே வேப்ப மரத்தடியைக் கை காட்டினார். சில மாதம் கழித்து உள்ளே விட்டபோது, மழையில் கரைந்து புல் மூடிய இரண்டு மண்மேடுகள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நட்டதாகச் சொன்ன மரச்சிலுவையைக் காணோம். அம்மா ஒன்றின் அருகில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுத மேடுதான் நைனா என்று ஆகிவிட்டது. யார் கேள்வி கேட்பது?

அன்றிலிருந்து வருஷா வருஷம் அதற்கு வெள்ளை அடித்தோம். அடித்து முடித்ததும் அம்மா வாளியை எட்டிப் பார்ப்பாள்.

"மிச்சம் கீதே, அத்த இன்னாத்துக்கு ஊட்டுக்கு எடுத்துக்கினு போற? பக்கத்துல ஒருத்தரு நாதியில்லாம கெடக்கறாரு பாரு. அவருக்கும் ரெண்டு இழுப்பு இழு."

எனக்கு எரிச்சலாக வரும். இடுப்பு ஒடிய வேலை செய்தவள் நான், நல்ல பேர் இவளுக்கா? வேண்டா வெறுப்பாக இழுப்பேன். உதிர்ந்த பூவையும் பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்றையும் அங்கே வைப்பேன். ஒரு வருஷம் அந்த மெழுகுவர்த்தியைக் கூட வைக்காமல் ஏமாற்றியிருக்கிறேன்.

இந்த வருஷம் சபையில் ஒரு தீர்மானம் போட்டார்கள். இடம் தீர்ந்துவிட்டதால் இனி புதுக் குழி கிடையாது, அவரவர் குடும்பக் கல்லறையில்தான் அடக்கம், அதையும் சிமெண்டில் கட்டியிருக்க வேண்டும். அம்மாவுக்கு அதே கவலையாகிவிட்டது.

"நான் உங்க நைனா கூடத்தான் படுப்பேன். வேற எங்கியாவது போட்டீங்கன்னா எழுந்து வந்துடுவேன்," என்றாள்.

திருநாளுக்குப் பத்து நாள் முன்பே மேஸ்திரியை அழைத்துப் போனோம். தலைமாட்டில் கொஞ்சம் தோண்டியதும் கடப்பாறை கல்லில் இடித்தது. மண்ணைத் துடைத்தால் தெலுங்கு எழுத்து. யாரோ ஒரு அம்மாளின் பேர், நான் பிறப்பதற்கு முந்தைய தேதி.

குழி வெட்டுகிறவரைக் கூட்டி வந்தேன். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இதி காதம்மா, இது இல்ல," என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்து மேட்டைக் காட்டினார். "அய்யா அங்க கீறாரு. அடையாளத்துக்கு நான்தானே கம்பி நட்டேன்."

கிளறியதும் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. இத்தனை வருஷம் யாரோ ஒரு அம்மாளுக்காகப் பொங்கிப் பொங்கி அழுதிருக்கிறோம். எக்காளம் ஊதி செத்தவர்கள் எல்லோரும் எழுந்திருக்கும் நாளில் அந்தம்மா எங்களைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டிருப்பார். நைனாவுக்கோ வாளியின் அடியில் கிடந்ததைத் தடவியிருக்கிறோம். நான் ஏமாற்றிய மெழுகுவர்த்தி நினைவுக்கு வந்ததும் அங்கேயே விம்மிவிட்டேன். அம்மா இடிந்து போயிருப்பாள் என்று பயந்து திரும்பினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசன் உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான்டி. நீங்கள்லாம் துன்னு முடிச்சப்புறம், சட்டியில ஒட்டிக்கினு இருக்கறத வழிச்சுத் துன்னுட்டு, இன்னிக்கு கொழம்பு சூப்பர்னுவாரு."

உண்மைதான். நைனா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதாக ஒரு நாள் கூட எனக்கு ஞாபகம் இல்லை.

மேஸ்திரி நைனாவின் மேட்டுக்கு நூல் பிடித்தார். அம்மா நடந்து அளந்து பார்த்துவிட்டு, "போதும், நான் ஒல்லிதானே," என்றாள். அவள் ஒல்லி என்றால் நான் தென்னங்குச்சி.

திருநாளன்று முதல் பிரஷை நைனாவின் புதுச் சிமெண்டில் வைக்கப் போனேன்.

"அங்க இல்லடி. மொதல்ல அந்தம்மாவுக்கு அடி. நாம வருவோம்னு இருந்து பழகிட்டாங்க. இப்ப உட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

பிரஷை அந்தம்மாவின் பக்கம் திருப்பினேன். சுண்ணாம்பை இந்த முறை இரண்டு மடங்கு கரைத்திருந்தேன். அந்தம்மாவுக்கு முடிந்தபோதும் வாளி பாதிக்கு மேல் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மிச்சம் மொத்தமும் நைனாவுக்கு. அவர் தலைமாட்டில் முழு மெழுகுவர்த்தி இரண்டு ஏற்றினேன். ஒன்று இந்த வருஷத்துக்கு, ஒன்று நான் ஏமாற்றிய வருஷத்துக்கு.