அண்ணா மாற்றிய ரேடியோ

அண்ணா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. வருஷாப்திகத்துக்கு வரும் உங்கள் எல்லோர் கையிலும் ஒரு சிறு நினைவு மலரைக் கொடுக்க வேண்டும், அதில் நீதான் எழுத வேண்டும் என்று மன்னி சொல்லிவிட்டார். தங்கையான எனக்கு அழ வருகிறது, எழுத வரவில்லை. ஆனால் மன்னி சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை.

அண்ணா பிறந்தது கிழக்கேகோட்டையில், கோயிலை ஒட்டிய தெருவில். அப்பாவுக்குக் கோயிலில் வேலை. ஆராட்டு அன்று சுவாமி விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்கு நீராட எழுந்தருளுவார். அந்த நேரம் விமானங்கள் எல்லாம் நின்றுவிடும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஓடுபாதையில் நடந்த அன்றைக்கே அண்ணாவுக்கு விமானப் பித்துப் பிடித்துவிட்டது என்று அம்மா சொல்லுவாள்.

அப்பா சீக்கிரமே காலமானார். கல்லூரிக்குப் போகவேண்டிய அண்ணா ஒரு விமானப் பயிற்சி நிலையத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். எங்களைப் படிக்க வைத்தார், எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். அதற்கப்புறம்தான் தான் பறக்கக் கற்றுக்கொண்டு, அங்கேயே ஆசிரியருமானார். பட்ட கஷ்டத்தை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

நிலையத்தில் இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றைக் கழித்தபோது அண்ணா அதை வாங்கினார். அண்ணா பறக்கும் நாளெல்லாம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மன்னி காபியே குடிப்பார். "அறுபதாம் கல்யாணம் ஆனதும் வித்துடறேன்" என்று அண்ணா வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டாயிரமாவது வருஷம் தாண்டி அந்தக் கல்யாணமும் நடந்தது.

சும்மா விற்பாரா அண்ணா? புது ரேடியோ வைத்து விற்கலாமா, வழி காட்டும் ஜி.பி.எஸ். வைத்து விற்கலாமா என்று சாப்பிடும்போதுகூட அதே பேச்சு.

"ஏரோப்ளேனுக்கா கல்யாணம்? தோடு போடலாமா, வளையல் போடலாமான்னு கேக்கறாப்பல கேட்டுண்டிருக்கேளே!" என்று மன்னி சிரித்தார்.

விமானத்தைப் பராமரித்த இன்ஜினியர் வர்கீஸ் தலையில் அடித்துக்கொண்டார். "சாரே, விக்கப்போற வண்டிக்கு எதுக்கு சாரே இதெல்லாம்? வாங்கறவன் அவன் இஷ்டம்போல வெச்சுக்கட்டும். நம்ம போடற காசு திரும்ப வராது, கேட்டோ."

"ஜி.பி.எஸ். வேண்டாம், ஒத்துக்கறேன். ஆனா ரேடியோ கெட்டுப்போச்சேப்பா. கெட்டதை ஒருத்தர் தலையில கட்டிட்டு எனக்குத் தூக்கம் வருமா?" என்றார் அண்ணா.

ரேடியோ கெட்டுவிட்டது என்று அவர் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. விமானத்திலிருந்து பேசுகிறவரின் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று விமான நிலையக் கோபுரத்தில் இருப்பவர்கள் ஐந்துக்கு மார்க் போடுவார்கள். எப்போதும் ஐந்து வாங்கிக்கொண்டிருந்த அண்ணாவுக்கு அந்த வருஷம் நாலு, மூன்று என்று இறங்கிக்கொண்டே வந்தது. மைக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார், ரேடியோவைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினார். இப்படியே மாதங்கள் போயின. வீட்டிலும் அவர் தொண்டை கரகரத்துக்கொண்டுதான் இருந்தது. இன்ஜின் சத்தத்தில் கத்திக் கத்தி வந்தது என்று மன்னி சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். மழைக்காலத்தில் யாருக்குத்தான் தொண்டை கட்டவில்லை என்று நான் சொன்னேன்.

கடைசியில் புது ரேடியோ வந்தது. வர்கீஸ் பொருத்தி முடித்ததும் மன்னியும் நானும் போய்ச் சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினோம். அண்ணா சந்தோஷமாக உட்கார்ந்து கோபுரத்தைக் கூப்பிட்டார். எவ்வளவு என்று கேட்டார். இரண்டு என்று பதில் வந்தது.

அண்ணா மைக்கை வர்கீஸிடம் கொடுத்தார். வர்கீஸ் பேசினார். ஐந்து. மறுபடி அண்ணா வாங்கிப் பேசினார். இரண்டு. "புது ரேடியோ அருமையா இருக்கு. முதல்ல பேசினவரோட மைக்கை மட்டும் மாத்திடுங்கோ" என்று கோபுரத்திலிருந்தவர் நல்ல மனசோடு ஆங்கிலத்தில் சொன்னார். இருந்தது ஒரே மைக். இரண்டு பேரும் அதில்தான் பேசினார்கள். வர்கீஸ் தலையைக் குனிந்துகொண்டார். மன்னி கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார்.

தொண்டையில் புற்றுநோய். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். ஆபரேஷனில் உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அந்தப் பழைய ரேடியோவை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் கோபம்.

சாலைக் கடைத்தெருவிலிருந்து மன்னி குழந்தைகள் எழுதும் சிலேட்டு ஒன்று வாங்கி வந்தார். விமானத்தைப் பார்க்க வந்த கோயம்புத்தூர்க்காரர், "எல்லாம் பழசா இருக்கு, ரேடியோ மட்டும் புதுசா இருக்குங்களே? பழசு கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டார். அண்ணா சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "இல்லை. அதுவும் நன்னாத்தான் இருந்தது." நான் வெளியே போய்விட்டேன்.

அவர் விமானத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்ட அன்று அண்ணா மன்னியோடு வெயிலில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். மேலே ஏறிய விமானம் ஒரு வட்டம் அடித்து வந்து, இறக்கைகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்த்தது. "ஐயோ, என்ன ஆச்சு அதுக்கு? ஏதாவது கோளாறா?" என்று மன்னி பதறினார். அண்ணா சிலேட்டை எடுத்தார்: "ரேடியோவில் பேச முடியாதபோது விமானம் இப்படித்தான் பதில் சொல்லும். கேட்டது, புரிஞ்சுதுன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து சிலேட்டுக்கு வேலை குறைந்தது. காபி வேணுமா என்று கேட்டால் உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் சாய்ப்பார். கோயிலுக்குப் போயிட்டு வரட்டுமா என்றாலும் அதேதான். பேத்திகூடக் கற்றுக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். நோய் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு காத்துக் கிடந்த வர்கீஸுக்கும், சமையல் செய்து அனுப்பிய தெருக்காரர்களுக்கும், வைதிகக் காரியங்களைக் குறைவில்லாமல் நடத்திக்கொடுத்த வாத்தியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நமஸ்காரம். கோபுரத்தில் இருந்தவர் பதின்மூன்றாம் நாள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அண்ணாவின் முகத்தைப் படத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தாராம். அவர் அழுததை நாங்கள் மறக்கமாட்டோம்.

துக்கம் விசாரிக்க வந்த பலரும், "பாவம், ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரே" என்றார்கள். மன்னி என்னை எழுதச் சொன்னது அதற்குப் பதில் சொல்லத்தான். கடைசி நாள் காலையில் கண் திறக்கவில்லை, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. மன்னி காதருகே குனிந்து, "எனக்கு ஒண்ணும் பயமில்லை. நான் இருந்துப்பேன். நீங்க நிம்மதியாக் கிளம்புங்கோ" என்றார்.

போர்வைமேல் கவிழ்ந்து கிடந்த அண்ணாவின் கை இந்தப் பக்கம் சாய்ந்தது. அப்புறம், மெதுவாக, அந்தப் பக்கம்.