ஜாக்கெட்டுக்குள் துடித்த மீன்

ஜெர்மனியில் ஹம் நகருக்கு வெளியே, காசு கட்டி மீன்பிடிக்கும் குளம். நீளத் தூண்டில் தடியில் மாட்டிய கெண்டை என் மடியில் விழுந்து சேறு மணக்கத் துள்ளியது. கரையோரமாகப் பச்சைச் சீருடையில் குளத்துக் காவலர் வந்துகொண்டிருந்தார்.

பல வருடங்களுக்கு முன், எனக்கு ஏழு வயது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. இதே குளத்தில், சீருடையைக் கண்டதும் அப்பா தான் பிடித்த கெண்டையை என் ஜாக்கெட்டுக்குள் திணித்து ஜிப்பை இழுத்தார்.

“அசையாதை பிள்ளை.”

“காசு கட்டினனாங்கள்தானே அப்பா?”

“கதையாதை.”

மீன் என் நெஞ்சில் அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தக் குளத்துக் காவலரோ தூண்டிலுக்குக் கொஞ்சம் சோளம் தந்துவிட்டுச் சிரித்தபடி போனார். அப்பா பிறகு தூண்டிலைத் தொடவேயில்லை.

இன்று என் பையில் ஜெர்மன் கடவுச்சீட்டும் மீன்பிடி அனுமதியும் இருக்கின்றன. காவலர் வணக்கம் சொன்னார். பதில் சொல்ல வாய் திறந்தபோதுதான் கவனித்தேன்: ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடியிருக்கிறேன். மடியில் விழுந்த மீன் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.