பூச்சிய அலகு

மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க மின்சாரப் பில் தேவைப்படும் என்று எனக்கு முதலில் சொன்னவர் ஓர் ஆசிரியை. சாறிச் சட்டை தைப்பிக்க எங்கள் வீட்டுக்கு வருபவர். அளவெடுத்துக்கொண்டிருந்தபோது பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார். நான்கு முடிந்துவிட்டது என்றேன்.

"அப்ப அடுத்த வருசம் போர்ம் போடவேணும். இங்கதான் இருக்கிறீங்கள் எண்டதுக்கு அத்தாட்சி கேப்பினம். காணிப் பேப்பர், வாக்காளர் பதிவு, லைற் பில் எல்லாம் உங்கட பேரில கிடக்கோ?"

"காணிப் பேப்பர் போன வருசம்தான் வந்தது டீச்சர். லைற் பில் இல்லை."

"ஏன், வீட்டுக்குக் கரண்ட் இல்லையோ?"

அவர் அதைக் கேட்டபோது தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தையல் மெஷினின் மோட்டரும் சூடாகவே இருந்தது. இது சோலர் என்று சொன்னேன். அவர் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, சோலருக்குப் பில் வராதுதானே என்றார்.

எங்கள் வீடு பள்ளிமுனையின் ஓரத்தில், கடல்நீர் ஏறி இறங்கும் களித்தரைக்குச் சற்று இப்பால் இருக்கிறது. கணவருடைய தகப்பனாரின் காணி. நாங்கள் இருவருமே சிறுவயதில் யுத்தத்துக்குத் தப்பி வள்ளத்தில் அக்கரைக்குப் போய், தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் முடித்துத் திரும்பியவர்கள். வந்து பார்த்தபோது காணி இருந்தது, அதற்கான உறுதிப் பத்திரம் இல்லை. மின்சார இணைப்புக்கு எழுதிக் கொடுக்கப் போன இடத்தில் முதலில் கேட்டது உறுதியைத்தான். அது இருந்திருந்தாலும் கடைசி மின்கம்பம் எங்கள் வேலியிலிருந்து மூன்று காணி தள்ளித்தான் நின்றது.

முதல் வருடம் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு ஒரு பழைய லொறிப் பற்றறியும் ஒற்றைச் சோலர் தகடும், இரண்டு பல்பு எரிக்க. கணவர் பெயின்ற் அடிக்கிற வேலை செய்பவர். எருக்கலம்பிட்டியில் சோலர் சாமான் விற்கும் ஒருவரின் வீட்டுக்கு வேலைக்குப் போனபோது, பொருத்துகிற விதத்தையும் பக்கத்தில் நின்று பழகிக்கொண்டு வந்தார். அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. தகரக் கூரைமேல் நான்கு தகடுகள், சுவரில் இன்வேட்டர், கடைசியாகப் பயணப் பெட்டி அளவில் ஒரு வெள்ளை லித்தியம் பற்றறி. அது வந்த பிறகுதான் சிறிய பிரிட்ஜ் வாங்கினோம்.

நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த வருடத்தில் எங்கள் ஒழுங்கையில் எங்கள் வீடு மட்டும்தான் வெளிச்சமாக இருந்தது. அயலவர்கள் போன் சார்ஜ் போட வந்து உட்கார்ந்து கதைத்துவிட்டுப் போவார்கள். மின்சாரம் சீரானதும் வருவது நின்றது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. கணவருக்குப் பெருமை இருந்தது, ஆனால் வெளியில் காட்டவில்லை.

அவருக்கு அந்தப் பற்றறி வெறும் சாமான் அல்ல. காலையில் எழும்பியதும் தேத்தண்ணீருக்கு முன்னால் அதில் எத்தனை வீதம் சார்ஜ் நிற்கிறது என்று பார்ப்பார். ஏணி வைத்து ஏறி, தகடுகளில் படிந்த உப்பையும் காக எச்சத்தையும் ஈரத்துணியால் துடைப்பார். உப்புக் காற்றில் பச்சை பிடிக்காமல் இருக்க வயர் முனைகளுக்குக் கிறீஸ் பூசுவார். வீட்டுக்கும் சட்டங்கள் வந்தன. தண்ணீர் மோட்டர் பத்து மணிக்குப் பிறகு. மா அரைப்பது மத்தியானத்துக்குள். பொழுது பட்ட பிறகு தையல் மெஷின் ஓடக்கூடாது. சீருடைத் தையல் குவிகிற மாதங்களில் எனக்குக் கோபம் வரும். இருந்தாலும் கடைப்பிடித்தேன்.

லைன் எடுக்கவேண்டும் என்று நான் சொன்னபோது அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"பில்லுக்காகக் கரண்ட் எடுக்கிறதோ?"

"ஓம். பில்லுக்காகத்தான்."

"முகாமில பின்னேரம் ஒருத்தன் திறப்போட வந்து மெயின் பெட்டியைத் திறந்து போட்டாத்தான் கரண்ட். விடிய அவனே வந்து நிப்பாட்டுவான். சுரத்தில கிடந்தாலும், செத்த வீடெண்டாலும் அவன்ர நேரம்தான். என்ர வீட்டுச் சுவிச் இனி என்ர கையில எண்டுதானே இவ்வளவும் செய்தனான்?"

"சுவிச் உங்கட கையிலயே இருக்கட்டும். பேப்பர் மட்டும் வரட்டும்."

மூன்று நாள் வழமைபோல வேலைக்குப் போய் வந்தார். நான்காம் நாள் வேலைக்குப் போகாமல் மின்சாரக் கந்தோருக்குப் போய்ப் படிவத்தை அவரே நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். சில மாதம் கழித்துக் கம்பம் நட்டார்கள், மீற்றர் வந்தது. அவர் கதவோரம் ஒரேயொரு பிளக் பொயின்றுக்கு மட்டும் அந்த லைனைக் கொடுத்தார். வீட்டின் மற்ற எதையும் அதில் தொடுக்கவில்லை.

மீற்றர் பார்க்க வருகிறவர் முதல் மாதம் கண்ணாடியில் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, மீற்றர் ஓடேல்லையே?"

"நாங்கள் பாவிக்கிறேல்லை."

"பின்ன ஏன் எடுத்தனீங்கள்?"

"பில்லுக்கு."

அவர் சிரித்துவிட்டுப் பூச்சியம் என்று எழுதித் தந்தார். அதற்குப் பிறகு மாதாமாதம் அப்படியே. ஒவ்வொரு பில்லையும் பிளாஸ்ரிக் கோப்பில் போட்டு அலுமாரியில் வைத்தேன்.

நேர்முகம் பாடசாலையின் ஒரு வகுப்பறையில் நடந்தது. சின்னக் கதிரைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் உப அதிபர், கண்ணாடி போட்ட, குரல் உயர்த்தாத ஒரு பெண். காணிப் பத்திரத்தைப் பார்த்தார், வாக்காளர் பதிவைப் பார்த்தார். பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டி மேசையில் அடுக்கினார்.

"எல்லாத்திலயும் பூச்சியம் கிடக்கு. இந்த வீட்டில ஆர் இருக்கிறது?"

"நாங்கள்தான் மிஸ்."

"ஆக்கள் இல்லாத வீட்டுப் பில்லைக் கொண்டுவந்து காட்டிப் பிள்ளையைச் சேர்க்கிற ஆக்கள் இருக்கினம். உங்களைச் சொல்லேல்லை. ஆனா ஒரு யுனிற்கூட எரியாத வீட்டில பிள்ளையோட இருக்கிறம் எண்டா நாங்கள் என்னெண்டு நம்புறது?"

கணவர் மேசையில் விரலால் கோடு போட்டுத் தகடு இங்கே, பற்றறி இங்கே என்று விளக்கத் தொடங்கினார். வெளியே வரிசை நீளமாக இருந்தது. உப அதிபர் பாதியில் கோப்பை மூடி, "நாங்கள் ஒருநாள் வந்து பாக்கிறம்" என்றார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

முகாமில் தலைக்கணக்கு எடுக்கிற நாளில் ஆள் இல்லாவிட்டால் அட்டையில் பெயரை வெட்டிவிடுவார்கள். அந்தப் பழக்கம் எனக்கு விட்டுப்போகவில்லை. அன்றிலிருந்து நான் வேலிப் படலையைத் தாண்டி வெளியே போகவில்லை. தைத்த உடுப்புகளை ஆட்களே வந்து எடுத்துப் போனார்கள். மடு மாதா கோவிலில் ஆவணித் திருநாள் வந்தது. இங்கு வந்த பிறகு ஒரு வருடமும் தவறாமல் போன நான் அந்த வருடம் போகவில்லை. கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு விடியப் போய், பிள்ளையும் வீட்டில் நிற்கவேண்டும் என்பதற்காகப் பூசை முடிந்த கையோடு திரும்பிவிட்டார்.

அடுத்த பில்லிலாவது ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்து ஒருநாள் கதவோரப் பிளக்கில் கரண்ட் கேத்தலைச் செருகினேன். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்துவிட்டு மறுபடி நிரப்பினேன். இரண்டு சுடுதண்ணிப் போத்தல், ஒரு பானை, ஒரு வாளி நிரம்பிவிட்டது. மீற்றர் கொஞ்சம் நகர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் வரிசையைப் பார்த்தார்.

"ஆருக்கு இவ்வளவு சுடுதண்ணி?"

சொன்னேன். அவர் ஏசுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், அந்த வெயிலில் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வந்தார். துடைத்துக்கொண்டே, "நாங்கள் இருக்கிறம் எண்டு காட்டுறதுக்குச் சும்மா எரிக்கவேண்டிக் கிடக்கு" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதன்பின் கேத்தலை எடுக்கவில்லை.

அவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தார்கள். உப அதிபரும் ஓர் இளம் ஆசிரியையும். கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன். அவர் சொல்லித் தந்திருந்த சோலர் விளக்கத்தில் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

உப அதிபர் சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே குசினிக்குப் போனார். சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிரிட்ஜைத் திறந்து மூடினார். பின்வாசலில் நின்று கொடியில் காய்ந்த உடுப்புகளைப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "பிள்ளை எங்க படுக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

மகள் அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினாள். "நான் சுவர்ப் பக்கம். அப்பா குறட்டை விடுறவர், அதால அம்மா நடுவில."

இளம் ஆசிரியை சிரித்துவிட்டார். உப அதிபரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார் என்று நினைக்கிறேன். வெளியே வரும்போது இளம் ஆசிரியை மட்டும் பற்றறிக்கு முன்னால் நின்று, இரவு முழுக்க மின்விசிறி ஓடுமா என்று கேட்டார். மாரியில் வானம் இரண்டு மூன்று நாள் மூடிக்கிடந்தால் சிரமம், மற்றபடி ஓடும் என்றேன்.

படலையடியில் உப அதிபர் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பில்லில கொஞ்சமெண்டாலும் எழும்பியிருந்தா எங்களுக்கு இந்த வெயிலுக்க அலைச்சல் இல்லை." கடுமையாகச் சொல்லவில்லை. களைத்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள்.

பெயர்ப்பட்டியல் ஒட்டியபோது மகளின் பெயர் அடிப்பக்கமாக இருந்தது. அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். சந்தோசப்பட்டார். முகம் கழுவிக்கொண்டு வந்து, வந்தவர்கள் பற்றறியைப் பார்த்தார்களா என்று கேட்டார். அதுவரை அவர் அதைக் கேட்கவில்லை.

"அந்தச் சின்ன டீச்சர் பாத்தவ. பெரியவ சோத்துப் பானையைத்தான் பாத்தவ."

ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. இவ்வளவு வருடம் சேர்த்துக் கட்டியதை முடிவு சொல்ல வந்தவர் திரும்பியும் பார்க்கவில்லை என்பது அவருக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததைவிடச் சிறிய விடயமாக இருக்கவில்லை.

அந்த வருட மார்கழியில் ஐந்து நாள் விடாமல் மழை. களித்தரை முழுக்க வெள்ளம் நின்றது. மூன்றாம் நாளே மின்விசிறியை நிறுத்திவிட்டோம். நான்காம் நாள் நான் மெஷினின் மோட்டர்ப் பட்டியைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைத்தேன். பிரிட்ஜில் ஒரு பொதி மீன் இருந்தது. ஐந்தாம் நாள் காலை பற்றறி இனித் தராது என்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. கணவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நீட்டு வயர் ஒன்றை எடுத்துவந்து கதவோரப் பிளக்கில் செருகி, மற்ற முனையைப் பிரிட்ஜுக்குக் கொடுத்தார். பிரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

ஆறாம் நாள் வெயில் எறித்தது. மத்தியானத்துக்குள் கணவர் வயரைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போனார்.