எண்ணெய் குடித்த ரேடியோ

போன வாரம் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் வருகிறது, திரையில் ஒன்றையும் காணோம். எனக்கோ ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வயரைப் பிடுங்கினேன், சொருகினேன், மறுபடி பிடுங்கினேன். பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டால், "அம்மா, தயவுசெஞ்சு அதைத் தட்டாதே" என்கிறாள். அதற்குள் நாலு தட்டு தட்டியாயிற்று. "புதுசு வாங்கிடலாம்மா. உனக்கு எதுக்கு வேணும்? மெயில் பாக்கவா, படம் பாக்கவா? முதல்ல அதைச் சொல்லு" என்று கேள்வியாக அடுக்கினாள். நான் திருப்புளியை எடுத்துப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். உள்ளேயிருந்து சூடேறிய தூசியின் வாசனை குப்பென்று வந்தது.

அந்த வாசனை எனக்குத் தெரியும். எங்கள் வால்வு ரேடியோவின் பின்பக்கம் மூக்கை வைத்தால் இதேதான். அப்போது ராயபுரத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப்பிஸ்ட். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கி வந்த பெட்டி அது. போட்டவுடன் பாடாது. முதலில் பச்சைக் கண் ஒன்று மெல்லத் திறக்கும், பிறகு உறுமும், பிறகுதான் ஆள் குரல். அந்த இடைவெளியைப் பொறுக்க மாட்டாமல் நான் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பேன். "கைய வச்சிக்கினு சும்மா இரேன்டி!" என்பாள் அம்மா. இன்றுவரை இருந்ததில்லை.

கடலோரத்தில் குடியிருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. பூட்டு, கத்தரிக்கோல், தையல் மிஷின், சைக்கிள் என்று இரும்பாக இருப்பதெல்லாம் துருப்பிடித்துப் பொடியாகும். அதனால் மழைக்காலம் தொடங்குமுன் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இரும்புக்கு எண்ணெய்க் குளியல் நடக்கும். பெண்கள் கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும் கோழி இறகுமாக உட்கார்ந்து, கதவுக் கீல் வரைக்கும் தடவுவார்கள். ஒரு வாரத்துக்குத் தெருவே கொப்பரை மணக்கும்.

அந்த வருஷம் மழை வருமுன் காற்று வந்துவிட்டது. என் அண்ணன் அந்தோணி மீன்பிடி லாஞ்சில் கடலுக்குப் போயிருந்தான், அவனோடு இன்னும் நாலு பேர். அவன் போன மறுநாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டதாகப் பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் ஓடிவந்து சொன்னார். அப்பாவை வேலையிலிருந்து விடவில்லை. அம்மா நேரே ரேடியோவிடம் போனாள். பச்சைக் கண் பாதி திறந்தது. ஒரு கருகல் நாற்றம். கண் மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

அப்புறம் தெருவே வைத்தியம் பார்த்தது. ரயில்வேக்காரர், "எர்த்து பத்தல" என்று எர்த் வயர் புதைத்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். ஒருவர் கூரைமேல் ஏறி ஏரியலை ஆட்டினார். இன்னொருவர், "இடது பக்கம் தட்டு, வலது பக்கம் தட்டினா போய்டும்" என்றார். இரண்டு பக்கமும் நான் தட்டினேன். டீக்கடை ரேடியோவில் கேட்டுக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆண்கள் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள், ஆளுக்கொரு புயலோடு! ஒருத்தர் நாகப்பட்டினம் என்றார், ஒருத்தர் நெல்லூர் என்றார். மூன்றாமவர் புயலே கலைந்துவிட்டது என்று ஜோசியம் சொன்னார். "என் காதால நான் கேக்கணும்" என்றாள் அம்மா. எனக்கு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து கால் வலித்தது.

பெட்டியை மெழுகுசீலையில் சுற்றி, ரிக்‌ஷாவில் ஏற்றி வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். காதர் பாய் ரேடியோ கடை. பாய் பின்பலகையைக் கழற்றி உள்ளே ஒருமுறை பார்த்தார், முகர்ந்தார்.

"இன்னாம்மா இது? ரேடியோவா, வட சட்டியா?"

வால்வு சொருகுகிற இடமெல்லாம் எண்ணெய். முள்ளை நகர்த்தும் கயிற்றில் எண்ணெய். எண்ணெயில் தூசி ஒட்டி, சூட்டில் வறுபட்டுக் கரியாகியிருந்தது.

"இரும்பாச்சே பாய்... உப்புக்காத்துல துரு புடிச்சிடுமேன்னு நான்தான் தடவி வச்சேன்" என்றாள் அம்மா. "என் புள்ள கடல்ல கீறான் பாய்."

பாய்க்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. எங்கள் பெட்டியை அப்படியே நகர்த்திவிட்டு, அலமாரியிலிருந்த ஒரு செட்டைப் போட்டார். செய்தி நேரம். கடையில் நின்றவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். புயல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று நிதானமான ஒரு குரல் சொன்னது. மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று எச்சரித்தது. அடுத்து வேறு செய்திக்குப் போய்விட்டது.

அம்மா இன்னும் காதைச் சாய்த்துக்கொண்டே நின்றாள். "அவ்ளோதானா? போவாதீங்கன்றான். போனவனுக்கு இன்னா சொல்றான்?"

பாய் செட்டை அணைத்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்த வூட்ல வச்சிக்கினு நான் கேட்டு இன்னாத்துக்கு ஆவப்போவுது? போனவன் கேக்கணும். கையில எடுத்துக்கினு போற ரேடியோ இருந்தா காட்டு பாய்."

எனக்கு வந்ததே கோபம்! பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தெரியவில்லை, இவள் அவனுக்கு டிரான்சிஸ்டர் பார்க்கிறாள். "அம்மா, வா, போலாம்" என்று தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். பாய் சட்டைப்பையில் அடங்குகிற ஒன்றைக் காட்டினார், இனிமையாகப் பாடியது. "மிசினு சத்தத்துல கேக்குமா?" என்றாள். பெரிதாக ஒன்று எடுத்தார். "தண்ணி தெறிச்சா?" தோல் உறை போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வாரோடு இன்னொன்று வந்தது. அம்மா பாயின் டம்ளரிலிருந்த தண்ணீரில் விரல்களை நனைத்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குமிழைத் தடவித் தேடித் திருப்பினாள். இருட்டில், ஈரக்கையோடு, ஆடுகிற படகில் அவன் எப்படித் திருப்புவானோ அப்படி. வழுக்கவில்லை. "இத்தயே குடு" என்றாள். பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்துக்கு என்னைக் கைகாட்டினாள். சம்பாதிக்கிற பெண் இருந்தால் அம்மாக்களுக்கு ஒரு தைரியம். அந்தக் கடையில் நான் அழுததை இப்போது சொன்னால் என்ன, அழுதேன்.

அன்றும் மறுநாளும் அவள் மழையில் கரையிலேயே நின்றாள். டிரான்சிஸ்டர் புடவைக்குள். அவளைப் போல இன்னும் பலர் நின்றார்கள். நான் வீட்டுக்கு ஓடுவதும் கரைக்கு ஓடுவதுமாக இருந்தேன். ஆனால் அண்ணன் கடல் பக்கமிருந்து வரவில்லை. லாஞ்சைக் காற்று வடக்கே தள்ளிக்கொண்டு போய்ப் பழவேற்காட்டுப் பக்கம் மணலில் செருகியிருக்கிறது. ஐந்து பேரும் கரையேறி, மீஞ்சூர் வழியாக வந்த ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கடலைப் பார்த்து நின்றவளுக்குப் பின்னால் வந்து, "இன்னாம்மா, இங்க நின்னுகினு கீற?" என்றான். அவள் திரும்பி அவனை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிக்கொண்டாள். பிறகு, சோறு போடுவதற்கும் முன்னால், அந்த டிரான்சிஸ்டரை அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது. அது கடலில் இருந்தது. செய்தி நேரமானால் அம்மா செய்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்துவாள். "இப்ப கேட்டுகினு இருப்பான்" என்பாள். அவள் போன பிறகு ஒருநாள் அண்ணனிடம் இதைச் சொன்னேன். வெட்கமாகச் சிரித்தான். "எங்க செய்தி கேட்டோம்! சிலோன்ல பாட்டு போடுவான், அத்தத்தான் கேப்போம். கூண்டு ஏத்தற காலத்துல மட்டும் செய்தி வெப்போம்" என்றான். பாவி. அவனும் இப்போது இல்லை. டிரான்சிஸ்டர் எந்தக் காயலான் கடைக்குப் போயிற்றோ தெரியவில்லை. காதர் பாய் கடை இருந்த இடத்தில் நைட்டி விற்கிறார்கள். இப்போது படகுக்குப் போகிற பையன்கள் நடுக்கடலிலிருந்தே, "சாப்டியா?" என்று பெண்டாட்டிக்குப் போன் போடுகிறார்கள், நல்லதுதான், யாரும் மழையில் நிற்க வேண்டாம்.

மகள் லீவில் வந்திருந்தபோது அந்தப் பக்கம் அழைத்துப் போனேன். எங்கள் வீடு, வீட்டுக்கு முன்னாலிருந்த வரிசை, அதற்கு முன்னாலிருந்த மணல், எதுவும் இல்லை. வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. சாலை ஓரத்தில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

"பாட்டி எங்கம்மா நின்னாங்க?" என்றாள்.

கல்லுக்கு அப்பால் கையைக் காட்டினேன். அந்த இடத்தில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது.