எனக்கு மூக்கு வந்த கதை

எட்டு வயது வரை எனக்கு மூக்கு இருந்தது, வாசனைதான் இல்லை. உள்ளே சதை வளர்ந்து அடைத்திருந்ததாம். மல்லிகைப்பூவும் சாக்கடையும் எனக்கு ஒன்றுதான். அதில் வீட்டில் யாருக்கும் குறையில்லை. அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடும் வேலையில் இருந்தார். அந்த நாற்றத்துக்குள் சாப்பாடு கொண்டுபோக முடியாதென்று அண்ணன் மறுத்துவிட்டதால், கேரியர் என் கைக்கு வந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும், அவர் குளிக்கும் வரை அம்மாவும் அண்ணனும் கிட்டே போகமாட்டார்கள். நான் மட்டும் ஓடிப்போய் மடியில் விழுவேன். குளிக்க எழவும் தெம்பில்லாமல், என்னை வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்திருப்பார்.

ஒருநாள் நான் தனியாக இருந்தபோது கேஸ் கசிந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து மூடும்வரை அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். அப்பா ஆடிப்போய்விட்டார். லீவு போட்டு லீவு போட்டு வேலூருக்கு அலைந்து, எனக்கு ஆபரேஷன் முடித்துத்தான் ஓய்ந்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், அம்மா தாளிக்கும்போது ஏதோ ஒன்று என் மூக்குக்குள் புகுந்தது. பயந்து கத்தினேன். அம்மா அழுதுகொண்டே பூ, சோப்பு, பெருங்காயம் என்று ஒவ்வொன்றாக நீட்டினாள். சாயங்காலம் அப்பா வந்தார். வழக்கம்போல ஓடியவள் பாதியில் நின்றேன். குமட்டியது.

“இன்னாப்பா இது, இவ்ளோ நாத்தம்!”

“பாப்பாவுக்கு மூக்கு வந்துடுச்சுடி!” என்று அம்மாவிடம் கூவினார் அப்பா. அன்று வீட்டில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அவர்தான். சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். தலை சொட்டச் சொட்ட வந்து கையை நீட்டினார்.

“இப்போ வருதா, பாரும்மா.”

முகர்ந்தேன். “வருதுப்பா.”

மறுபடி போய்க் குளித்துவிட்டு வந்தார். “இப்போ?”

“கொஞ்சம் கம்மி.”

“போதும், வந்து சாப்புடுங்க” என்றாள் அம்மா.

“இரு, வர்றேன்” என்று திரும்பவும் போனார். நாளெல்லாம் தொட்டியோரம் நின்றுவிட்டு வந்த மனிதர். இன்னும் உட்காரக்கூட இல்லை. எனக்கோ புது விளையாட்டு கிடைத்த குஷி. இன்றைக்கு நானும் வேலை முடிந்து ஓய்ந்து வரும்போதெல்லாம் அதை நினைத்துக் கூசிப்போகிறேன்.

மூன்றாம் முறை, தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கையை நீட்டினார். நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்துவிடக் கூடாதே என்று, “இன்னும் வருது” என்றேன்.