துடக்குக்காரிக்கு ஏறிய இரத்தம்

மாதவிடாய் வாரக்கணக்கில் நிற்காமல் பெருகியதால், என் கணவர் என்னைக் கனகராயன்குளத்திலிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"முதல்லை இரத்தம் ஏத்த வேணும். பிறகு கருப்பையைச் சுரண்டிப் பாப்பம். அப்பவும் நிக்காட்டி, கருப்பையை எடுக்கத்தான் வேணும்" என்றார் டொக்டர்.

துடக்கு, தீட்டு என்று அந்த நாட்களில் என் கையால் தண்ணீர்கூட வாங்காத மனுசன், "என்ரை இரத்தத்தை எடுங்கோ" என்று கையை நீட்டினார். நான் திகைத்துப்போனேன். பரிசோதித்தார்கள், பொருந்தியது.

போத்தலிலிருந்து அது எனக்குள் இறங்கத் தொடங்கியபோது என் நெற்றியைத் தடவினார். பிறகு திடுக்கிட்டவர்போல எழுந்து போனார். திரும்பி வந்தபோது தலையில் ஈரம் சொட்டியது.

"எங்கை போனனீங்கள்?"

"உன்னைத் தொட்டுப்போட்டனெல்லே. ஆஸ்பத்திரிக் கிணத்தடியிலை முழுகிட்டு வாறன்."

ஓங்கி அறைந்திருப்பேன். ஆனால் அறைய வேண்டிய என் கையில்தான் அவருடைய இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.